கீழ்த்தகட்டின் துடிப்பு

காலையிலிருந்து பதிவான எண்களைத் தேத்தண்ணியோடு பார்த்துக்கொண்டு வந்த உதயகலாவின் கண், பத்தேகாலுக்கு விழுந்த ஒரு வரியில் நின்றது. கீழ்த்தகடு முதலில் துடித்திருந்தது.

ஜெனீவாவில் புரோத்தன்களை மோதவிடும் சுரங்கத்துக்குப் போகவேண்டிய இரண்டு தகடுகள் அவை. துகள் ஏதும் ஊடுருவினால் உள்ளே ஒளி மின்னித் திரையில் ஒரு துடிப்பாகப் பதியும். அனுப்பமுதல் சோதிக்கவென்று ஒன்றை மேசைக்குக் கீழேயும் மற்றதைத் தலைக்கு மேலே பறணிலும் வைத்திருந்தாள். வானத்தின் உச்சியில் நடக்கும் மோதல்களில் பிறந்து ஓயாமல் பொழியும் மியூயன் என்ற நுண்துகள்கள் கூரையையும் பலகையையும் துளைத்துக்கொண்டு இறங்கும். மேல் முதலில், பிறகு கீழ். எப்போதும் அப்படித்தான்.

இரவில் அவள் மடியில் தலைவைத்துப் படுக்கும் கணவனை எரித்து எட்டு மாதம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்றுகூட அவளுக்கு அழுகை வரவில்லை. அரியாலை வீட்டின் ஓட்டில் மழை அறைவதும், கடலேரிச் சேற்றின் மணம் யன்னலால் வந்து அறைக்குள் தேங்குவதும், பகலிலேயே சுவரெல்லாம் இருண்டுகிடப்பதும் அடுத்த வீட்டில் நடப்பவை போலவே இருந்தன.

பன்னிரண்டு மணிக்கு இன்னொன்று. ஒரு மணிக்குள் மூன்று. திரையில் புல்லுப்போல ஓடும் சின்னத் துடிப்புகளுக்கு நடுவே பனையளவு உயரத்தில் ஒன்று. கீழ். பிறகு மேல்.

ஜெனீவாவில் அவளோடு வேலைசெய்யும் சயந்தனுக்கு அழைப்பு எடுத்தாள்.

“வயரை மாத்திக் கொழுவிப்போட்டியளோ அக்கா?”

“கழட்டித் திருப்பிக் கொழுவியும் பாத்திட்டன். கீழயிருந்துதான் வருது.”

“கீழ முழுப் பூமியும் கிடக்கு. மியூயன் அதுக்குள்ளாலை வராதே.”

“மியூயன் எண்டு நான் சொல்லேல்லை. மியூயனுக்கு இந்த ஏழடியைக் கடக்க ஏழு நனோசெக்கன்.” திரையைப் பார்த்தாள். “இதுக்கு நாலு செக்கன்.”

அந்தப் பக்கம் அவன் கணக்குப் போடும் தட்டல் கேட்டது.

“ஒராள் எழும்புற வேகம் அக்கா அது. வெளியில வாங்கோ. இப்பவே.”

“ஓம்” என்று சொல்லி வைத்தாள். ஆனால் எழும்பவில்லை. பயப்படவேண்டும் என்று தெரிந்தது. பயத்தை உள்ளே தேடினாள், இருட்டில் சுவிச்சைத் தடவுவதுபோல. கை எதிலும் படவில்லை.

கீழ்த்தகடு துடித்தது.

எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

ஐந்து.

பத்து.

மேல்தகடு துடிக்கவில்லை. எழும்பி வந்தது மேலே போகவில்லை. நின்றுவிட்டது. தரைக்கும் பறணுக்கும் நடுவில்.

அவள் இருந்த உயரத்தில்.

மழை விட்டிருந்தது. ஓட்டிலிருந்து ஒரு சொட்டு. இன்னொன்று.

மடியில் சட்டைத் துணி மெல்ல அமிழ்ந்தது. பாரம். தலையளவு பாரம். குனிந்து பார்க்கவில்லை. கை தானாக இறங்கியது. ஈரத் தலைமயிர். மண் நெருடியது. விரல்கள் கோதின. நிறுத்தமுடியவில்லை.

பாரம் மெதுவாகப் புரண்டது. முகம் மேலே வந்தது.

உள்ளங்கைக்குக் கீழே ஒரு இமை திறந்தது.