முதல் சுமை

தெய்வானையின் வீட்டில் விடிந்ததும் முதல் காற்று வண்டிக்குத்தான் போகும். எழுந்து முகம் கழுவுவதற்கு முன்பே சமையலறைச் சுவரில் இருக்கும் காற்றுக்குழாயின் திருகை அவள் திறந்துவிடுவாள். வீட்டுக்கென்று அளந்து விடும் அன்றைய மூச்சுப்பங்கு குழாயில் மெல்லச் சீறிக்கொண்டு வரும். ஈரம் நீக்கிய நல்ல காற்று முதலில் கூடத்தை நிரப்பும். அங்கே நிற்கும் வண்டிக்குப் போதும் என்று பச்சை விளக்கு எரிந்த பிறகு, மிச்சம் சமையலறைக்கு வரும். அந்த மிச்சத்தில்தான் அவளும் கணவன் நாச்சிமுத்துவும் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், சண்டை போட்டார்கள், பாய் விரித்துப் படுத்தார்கள்.

செவ்வாய்க் கிரகத்தின் புதுத்தாராபுரத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. அங்கே புழுதியில் உப்பு கலந்திருக்கிறது. வெளியில் நிறுத்திய வண்டியின் வண்ணத்தை அது சிரங்கு பிடித்தாற்போல் அரித்துவிடும். அதனால் புது வண்டி வாங்கியவர்கள் அதை வீட்டுக்குள் நிறுத்தினார்கள். வீடு என்பது காற்றடைத்த வட்டக்கூரை. வளிக்கூடு என்று பெயர். அதில் ஒரு வண்டி கொள்ளும் இடம் கூடம் ஒன்றுதான். கூடத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் வண்டிக்கு ஆசைப்படக் கூடாது.

வண்டி என்றால் குட்டியானை. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சுமை ஏற்றத் திறந்த தொட்டி. பூமியில் கொங்கு நாட்டுச் சாலைகளில் வழங்கிய பெயர், குடியேறியவர்களோடு கப்பலேறி வந்துவிட்டது. நாச்சிமுத்துவுக்கு இரண்டு குட்டியானைகள். பழசு ஒன்று, புதுசு ஒன்று. அவற்றுக்கு வேறு பெயர் வைக்க அந்த வீட்டில் அவசியம் வரவில்லை.

பழசு அவர்கள் கல்யாணத்தின்போது வாங்கியது. ஊருக்கு வடக்கே மேடேறி இறங்கினால் பனிக்குழி. அங்கே தரைக்கடியில் உறைந்து கிடக்கும் தண்ணீரைப் பாளம் பாளமாக வெட்டி ஊருக்குள் கொண்டுவந்து கொடுப்பதுதான் நாச்சிமுத்துவின் பிழைப்பு. பழசின் கதவிடுக்கில் காற்று கசியும். திருப்பத்தில் முனகும். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று அவனும் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் ஒவ்வொரு வருடமும், அடுத்த வருடம் வரப்போகும் வண்டியில் குலுக்கல் தாங்கும் வில் இன்னும் நன்றாக இருக்கும் என்று செய்தி வரும். சரி, பொறுப்போம் என்பான். அடுத்த வருடம் அதற்கடுத்த வருடத்துச் செய்தி வரும். கடைசியில் ஒருநாள் பனிக்குழியில் பழசின் கதவு கையோடு கழன்று வந்தது. அன்றுதான் துணிந்தான்.

புதுசு வந்த அன்று தெருவே திரண்டது. பொதுத்தோட்டத்தில் எழுதிக் கொடுத்துக் காத்திருந்து வாங்கிய எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்தில் வைத்து நசுக்கினார்கள். வண்டி கோயில் வரை போய், திரும்பி வந்து, கூடத்துக்குள் நுழைந்தது. அத்தோடு சரி.

பிறகு அலங்காரம் தொடங்கியது. முன்பக்கம் தடித்த பளபளப்பான கம்பிச்சட்டம் வந்தது.

"இது எதுக்குங்க மாமா?" என்று தெய்வானை கேட்டாள்.

"மாடு கீடு குறுக்க வந்தா வண்டிக்கு அடிபடக் கூடாதில்ல."

"செவ்வாயில ஏதுங்க மாடு?"

"இன்னிக்கு இல்லீன்னா, என்னிக்குமே வராதா?"

அடுத்து ஏழு சுரத்தில் பாடும் காற்றொலிப்பான் வந்தது. வெளியில் காற்று அவ்வளவு மெலிசு, பக்கத்தில் நிற்பவனுக்கே முனகலாகத்தான் கேட்கும். அதனால் ஓட்டுகிறவனாவது கேட்கட்டும் என்று அதன் குழலை உள்பக்கமாகத் திருப்பிப் பொருத்தினான். மழை துடைப்பான் ஒரு ஜோடி. இருக்கையின் பாலித்தீன் உறை கிழியாதிருக்க அதன்மேல் ஒரு துணி உறை, துணி அழுக்காகாதிருக்க அதன்மேல் ஒரு துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, முழு வண்டிக்குமாக ஒரு போர்வை.

பனிக்குழிக்கோ, பழசுதான் கழன்ற கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போனது.

"பனிப்பாளம் ஒவ்வொண்ணும் அருவா மாதிரி இருக்குது புள்ள. தொட்டியில வெச்சா கீறிப்புடும். புதுசு கொஞ்சம் பழகட்டும்," என்றான்.

"நிக்க வெச்சே எப்படிங்க பழகும்?"

அவன் போர்வையின் சுருக்கத்தை நீவிவிடப் போய்விட்டான். தெய்வானையும் விடவில்லை. கூடத்தைப் பறிகொடுத்த எரிச்சலில் அந்த வண்டியை 'உங்க மூத்தாளு' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் யாராவது வீட்டுக்கு வந்தால், அவர்கள் கேட்கும் முன்பே போர்வையின் ஒரு நுனியைத் தூக்கிக் காட்டுகிறவளும் அவள்தான்.

அது நடந்தது ஒரு பிற்பகலில். சோறு வடித்துக்கொண்டிருந்தபோது சுவர்ப்பேசி கரகரத்தது.

"தெய்வானை, பழசு அச்சு முறிஞ்சு நின்னுபோச்சு," என்றது நாச்சிமுத்துவின் குரல். "பனிக்குழிக்கு இந்தப் பக்கம், மேடு எறங்கற எடத்துல."

"உடம்புக்கு ஒண்ணுமில்லயே?"

"ஒண்ணுமில்ல. ஆனா காத்து கசியுது. உடுப்புல இருக்கறதும் கொஞ்சந்தான். மேக்கால புழுதிக்காத்து வேற செவந்துக்கிட்டு வருது."

"நான் வர்றன். புதுச எடுத்துட்டு வர்றன்."

மறுமுனையில் இரண்டு முறை இருமல் கேட்டது.

"மாமா?"

"புழுதி வருதுன்னு சொல்றனே புள்ள," என்றான் அவன். குரல் தயங்கியது. "வண்ணமெல்லாம் போயிரும். காளியண்ணன் வண்டி சும்மாதான நிக்குது, கேட்டுப் பாரேன்."

அவன் மூச்சு இழுத்து இழுத்து வருவது இவளுக்குக் கேட்டது. வண்ணத்தைப் பற்றிப் பேசவும் அவன் மூச்சைச் செலவழிக்கிறானே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பேசியை வைத்துவிட்டு வெளியுடுப்பை மாட்டிக்கொண்டாள். கூடத்துக்குப் போய்ப் போர்வையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் போட்டாள்.

வண்டி கிளம்பியது. சத்தமே இல்லாமல், எண்ணெயில் வழுக்குவதுபோலக் காற்றுப்பூட்டின் இரட்டைக் கதவைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. பத்து வீடு தள்ளித் தெரு முடிந்து மேட்டுப்பாதை தொடங்குகிறது. சக்கரங்கள் ஏற்றத்தைத் தொட்டதும் வண்டி நின்றது.

"மன்னிக்க வேண்டும்," என்றது வண்டியின் குரல், நல்ல செந்தமிழில். "இவ்வண்டி சமதரையில் மட்டும் செல்லும்."

அவள் மறுபடி முடுக்கினாள்.

"மன்னிக்க வேண்டும். தாங்கள் கோயிலுக்குச் செல்ல விரும்பினால் இடப்பக்கம் திரும்பலாம்."

விசையை மிதித்தாள். குத்தினாள். கை பட்டு ஒலிப்பான்தான் ஏழு சுரத்திலும் பாடி அவள் காதை அடைத்தது. வண்டி நகரவில்லை.

மேட்டடியில் முதல் வீடு காளியண்ணனுடையது. அவனும் போன வருடம்தான் புதுசு வாங்கியிருந்தான். தெய்வானை உள்ளே போய் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் வாடியது. நாச்சிமுத்துவுக்காகவும் வாடியது, வண்டிக்காகவும் வாடியது. எது அதிகம் என்று சொல்வது கடினம்.

"இன்னும் முழுசா ஓட்டிப் பாக்கலீங்கம்மணி," என்றான்.

"எங்க ஊட்டுக்காரரு மூச்சுக்குத் திணறிட்டிருக்கறாருங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்ப் போர்வையை எடுத்தான். ஒரு போர்வைக்கடியில் இன்னொரு போர்வை இருந்தது. இரண்டையும் மடித்து வைக்கத்தான் பார்த்தான். தெய்வானை பிடுங்கித் தரையில் எறிந்தாள். அந்த வண்டியும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, ஏற்றத்தைத் தொட்டு, அவள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. அதுவும் மன்னிப்புக் கேட்டது. அதுவும் கோயிலுக்கு வழி சொன்னது.

இரண்டு வண்டிகளும் மேட்டுக்கு முன்னால் பளபளவென்று நின்றன. மேற்கே வானம் செங்கல் நிறமாகிக்கொண்டிருந்தது. தெய்வானை, நடந்தே போய்விடலாமா என்று மேட்டைப் பார்த்தாள். நடந்தால் போய்ச் சேரும்போது அவனிடம் மூச்சு இருக்காது.

அப்போதுதான் ஊர்க் குப்பை வண்டி தெருவுக்குள் வந்தது. அதுவும் ஒரு குட்டியானைதான். எந்த நிறத்தில் பிறந்ததென்று அதற்கே மறந்திருக்கும். ஓட்டுகிறவள் பட்டம்மா. வழி மறித்து நின்ற இரண்டு புது வண்டிகளையும், கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறவளையும் பார்த்து நிறுத்தினாள். தெய்வானை உடுப்பின் பேசியில் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க. குப்பைய அங்கயே கொட்டிட்டு ஆள ஏத்திக்கலாம்."

ஏற்றத்தில் அந்த வண்டி குலுங்கிய குலுக்கலில் தெய்வானையின் பற்கள் ஒன்றோடொன்று மோதின. ஆனாலும் ஏறியது. மேட்டைத் தாண்டியபோது புழுதி வந்து மூடிக்கொண்டது. கண்ணாடியில் துடைப்பான் இல்லை. பட்டம்மா தலையைப் பக்கவாட்டில் சாய்த்துத் தடம் பார்த்து ஓட்டினாள். பழசு ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. உள்ளே நாச்சிமுத்து கண்ணை மூடியிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. தெய்வானை தன் உடுப்பின் குழாயை அவன் உடுப்போடு இணைத்துத் திருகைத் திறந்தாள். தன் மூச்சு அவனுக்குள் போவதை அவன் நெஞ்சு ஏறி இறங்குவதில் பார்த்துக்கொண்டு, அவன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னென்னவோ தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் கண் திறந்தான்.

"புதுச வெளிய எடுத்தயா?" என்றான்.

அவனை அடிக்கக் கை ஓங்கி, அப்படியே கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் விற்பனை நிலையத்திலிருந்து ஆள் வந்தார். பெயர் இன்பராஜ். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுகிறவர், கையில் ஒரு கருவிப்பெட்டி. புழுதி வருமுன் காளியண்ணன் கூடத்துக்குள் ஓட்டி நிறுத்தியிருந்த வண்டியைச் சுற்றி வந்து, கம்பிச்சட்டம் அழகாயிருப்பதாகப் பாராட்டினார். போர்த்தியிருந்த துண்டை முதுகில் இழுத்துவிட்டுக்கொண்டு நாச்சிமுத்து கேட்டான்.

"ஏனுங்க, மேடு ஏறாத வண்டிய எப்படீங்க எங்க தலையில கட்டுனீங்க?"

"மேடு ஏறும் சார். இன்ஜின் வெச்சா ஏறும்."

தெய்வானை வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"இதுல இருக்கறது ஊர்வல மோட்டார்," என்று இன்பராஜ் விளக்கினார். "கடையிலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து வீட்டுக்கு. அதுக்கு இது போதும். முன்னெல்லாம் இன்ஜினோடதான் குடுத்தோம். வண்டிங்க தானா அனுப்பற ஓட்டக்கணக்க எடுத்துப் பாத்தா, புதுசு வாங்கினவங்க யாருமே சுமை ஏத்தல. ஓடாம நின்னு நின்னு இன்ஜின் இறுகிப் போச்சு. இறுகிப்போன இன்ஜினோட வண்டிய வித்துட்டீங்கன்னு எங்க மேலதான் புகார் வந்துச்சு. அதனால நிறுத்திட்டோம். முதல் சுமை ஏத்தணும்னு நீங்க சொல்ற அன்னிக்கு நாங்களே வந்து இலவசமாப் பொருத்திக் குடுப்போம். வாங்கும்போதே இதையும் சொல்லித்தான் குடுக்கறோம்."

"எங்ககிட்ட யாரும் சொல்லலீங்க," என்றாள் தெய்வானை.

"சொல்லியிருப்பாங்கம்மா. அந்த நேரத்துல எல்லாரும் வண்ணம் எத்தனை வருசம் தாங்கும்னுதான் கேட்டுட்டிருப்பாங்க."

நாச்சிமுத்து தெய்வானையின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். அன்றைக்கு அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

"இப்படி எத்தன பேருக்கு வந்து பொருத்தியிருக்கறீங்க?" என்று அவள் கேட்டாள்.

"நான் வேலைக்குச் சேந்து பத்து வருசமாச்சும்மா. நீங்கதான் முதல்ல கூப்பிட்டிருக்கீங்க."

நாச்சிமுத்து எழுந்து நின்றான். சாவின் வாசல் வரை போய்த் திரும்பியவனுக்கு வரும் தெளிவு அவன் முகத்தில் இருந்தது. "பொருத்துங்க," என்றான். "இன்னிக்கே பொருத்துங்க. நாளைக்கு இதுலதான் பனி ஏத்தப் போறேன். கீறுனா கீறட்டும். என்ன புள்ள?"

தெய்வானை தலையசைத்தாள். இத்தனை நாள் சொன்னது வென்றுவிட்டது என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. இன்பராஜ் பெட்டியைத் திறந்து துளைப்பானை வெளியே எடுத்தார். பின்தொட்டிக்குள் ஏறிக் குந்தி, சுண்ணாம்புக் கட்டியால் நான்கு மூலையிலும் நான்கு வட்டம் போட்டார்.

"அது எதுக்குங்க?" என்றாள் தெய்வானை.

"இன்ஜினை அடியிலிருந்து மாட்டணும்மா. தொட்டித் தரையில நாலு ஓட்டை போட்டாத்தான் திருகு பிடிக்கும். பாக்கறதுக்குக் கொஞ்சம் தெரியும்."

தெய்வானை எட்டிப் பார்த்தாள். அந்தத் தொட்டியின் தரையை இதுவரை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கருநீலம். ஒரு தூசி இல்லை, ஒரு கோடு இல்லை. குனிந்தவளின் மூக்குத்தி முதற்கொண்டு அதில் தெரிந்தது. தெருவில் இப்படி ஒரு தரை யார் வீட்டிலும் கிடையாது. காளியண்ணன் வண்டியின் தரை சாம்பல் நிறம்தான்.

துளைப்பான் உறுமியது.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள்.

உறுமல் நின்றது. நாச்சிமுத்து அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"இப்பத்தான வந்த வண்டி," என்றாள். "வந்ததும் வராததுமா ஓட்ட போட்டா நல்லாவாங்க இருக்கும்? இந்த வருசம் போகட்டுங்க மாமா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

நாச்சிமுத்து மெல்ல உட்கார்ந்தான். அவன் முகத்தில் ஏமாற்றம் இருந்ததா, நிம்மதி இருந்ததா என்று கேட்டால், அவளுடைய முந்தானையால் அந்தச் சுண்ணாம்பு வட்டங்களைத் துடைக்கச் சொல்லி அவன் க் கண்ணாலேயே காட்டினான் என்பதுதான் பதில். அவள் கீறாமல் துடைத்தாள்.

இன்பராஜ் வியப்படையவில்லை. துளைப்பானைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார். காற்றுப்பூட்டு வரை அவரை வழியனுப்ப வந்த தெய்வானை, கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏனுங்க, எங்க பழைய வண்டிக்கு அச்சு முறிஞ்சுபோச்சு. ரொம்பப் பழைய வண்டிங்க. அதுக்கெல்லாம் இப்ப அச்சு கெடைக்குதுங்களா?"

"ஏன் கிடைக்காம?" என்றார் அவர். "நாளைக்கே அனுப்பி வைக்கறேன். எங்க தொழிற்சாலையில முக்காவாசிப் பேருக்கு அதுதாங்கம்மா வேலை."