மதகில் இறங்கும் காற்று

கொளஞ்சியின் பஞ்சர் கடையில் அன்றைக்கும் அதே கூத்துதான். என் பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவி, காற்றடித்து, அழுக்குத் தண்ணீர் டப்பில் முக்கி முக்கிப் பார்த்தான். ஒரு குமிழி வரவில்லை. விரலில் எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைத்தான். அதிலும் ஒன்றுமில்லை.

"டியூபு நல்லா இருக்குது சார். நான் இன்னாத்துக்கு ஒட்டு போடறது?"

"அப்ப காத்து எங்கய்யா போவுது? நான் குடிச்சிட்டனா?" என்று கத்தினேன்.

கத்தாமல் என்ன செய்வது? எனக்கு மரக்காணத்தில் செல்போன் கடையில் வேலை. வீடு பிரம்மதேசத்தில். சாயங்காலம் கிளம்பும்போது டயர் கும்மென்று இருக்கும். உப்பளத்து மதகுக்குப் பக்கத்தில் வரும்போது பின்பக்கம் அலைய ஆரம்பிக்கும். முதலில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. போகப் போக, மதகைத் தாண்டுவதற்குள் ரிம் தரையில் இடித்தது. முள் இல்லை, ஆணி இல்லை. காலையில் அதே வழியில் வருவேன், ஒன்றும் ஆகாது. அதுதான் என்னை இன்னும் கடுப்பேற்றியது.

வீட்டுக்குப் போனால் வினோதினி. "ராத்திரியில பாப்பாவுக்கு வீசிங் வந்தா எதுலங்க ஓடறது? இந்த ஓட்ட வண்டியிலயா?"

அவள் சொல்வதில் தப்பில்லை. எங்கள் மகள் தமிழ்நிலாவுக்கு இழுப்பு வந்தால் மரக்காணம் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதற்கு இருப்பது இந்த ஒரு வண்டிதான்.

கொளஞ்சி குரலைத் தாழ்த்தினான். "மதகாண்டதான எறங்குது? போன மழையில உப்பு லோடு டிராக்டர் கவுந்துச்சே, புருஷனும் பொண்டாட்டியும் வாய்க்கால்ல வண்டிக்கடியில மாட்டிக்கிட்டாங்களே... பொழுது சாயற நேரம்தான் சார் அதுவும். மேல தூக்கறதுக்குள்ள மூச்சு நின்னுபோச்சு."

"ஏம்பா, பஞ்சர் பாக்கச் சொன்னா பேய்க்கதை சொல்றியா?"

அன்று மாலையும் மதகில் இறங்கிவிட்டது. வண்டியை உதைத்தேன். கால்தான் வலித்தது. உப்பும் சேறும் கலந்த வாடை. காற்று அசையவில்லை. வாய்க்கால் தண்ணீரும் அசையவில்லை.

கரையோரம் மட்டும் குமிழிகள் வந்தன. கொஞ்சம் நின்று, மறுபடி வந்தன.

நண்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளினேன்.

அடுத்த வாரம் தமிழ்நிலாவை டாக்டரிடம் காட்ட மரக்காணத்துக்கு அழைத்து வந்தேன். அவள் பின்னால் உட்காரப் போகிறாள் என்பதால் ஒரு முடிவோடு புது டயர், புது டியூப், புது வால்வு எல்லாம் போட்டேன். ஓட்டை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் ஜெல்லையும் உள்ளே ஊற்றச் சொன்னேன்.

"இனிமே எமனே வந்தாலும் காத்து எறங்காது சார்" என்றான் கொளஞ்சி.

வீடு திரும்பும்போது, பொழுது சாயும் நேரத்தில் மதகை நெருங்கினோம். பின்சக்கரம் அலையவில்லை. கைப்பிடி நேராக இருந்தது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "பாத்தியாடா குட்டி? இனிமே அப்பா வண்டிய எவனும் ஒண்ணும் பண்ண முடியாது!"

என் சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. முதுகுக்குப் பின்னால் விசில் மாதிரி ஒரு சத்தம்.

வண்டியை நிறுத்தி அவளை இறக்கினேன். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. பையிலிருந்த இழுப்பு மருந்து பஃப்பை அவள் வாயில் வைத்து அழுத்தினேன். மருந்து உள்ளே போகவில்லை. வாயிலேயே நின்று வெளியே வந்தது.

"அப்பா..."

அதற்கு மேல் பேச அவளிடம் மூச்சில்லை. உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அதைக் கேட்டேன். மதகுக்குக் கீழே யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். நீளமாக, வாயால்.

கரையோரத் தண்ணீர் குழிந்தது. என் மகளின் நெஞ்சும் அதோடு சேர்ந்து குழிந்தது.

"டேய், விடுடா! கொழந்தடா அது!" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினேன்.

மறுபடியும் இழுத்தது.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பின்சக்கரத்தின் அருகில் விழுந்து வால்வு மூடியைத் திருகி எறிந்தேன். சாவி நுனியால் வால்வுக்குள் இருந்த பின்னை அழுத்தினேன். பாழாய்ப்போன ஜெல் வந்து அடைத்துக்கொண்டது! எந்தக் காற்று போகக் கூடாது என்று கொட்டி வைத்தேனோ, அது இப்போது போக மாட்டேன் என்றது. சாவி வழுக்கியது. அழுகையும் ஆத்திரமுமாக அவள் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி வால்வுக்குள் குத்தினேன்.

புஸ்ஸென்று வந்தது.

கையில் காற்று படவே இல்லை. வால்வை விட்டு வந்த நிமிடமே எங்கோ போய்க்கொண்டிருந்தது. டயர் முழுதாக இறங்கி ரிம் தரையில் பட்டதும் தமிழ்நிலா பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு இருமினாள். பிறகு அழுதாள். அந்த அழுகையைப் போல இனிப்பான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

வாய்க்காலில் குமிழிகள் வந்தன.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். வண்டியை மறுநாள் காலையில் போய் எடுத்துவந்தேன்.

வினோதினியிடம் எதையும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு இருப்பது இந்த ரோடு ஒன்றுதான். இனி ஒரு ராத்திரி பிள்ளையை இதே வழியில் தூக்கிக்கொண்டு ஓட நேர்ந்தால், கீழே இருப்பவர்கள் பசியோடு இருக்கக் கூடாது. அதனால் ஜெல்லைக் கழுவி எடுக்கச் சொல்லிவிட்டேன். வண்டியில் எப்போதும் ஒரு கால்பம்பு இருக்கிறது. தினமும் சாயங்காலம் மதகில் நிறுத்தி, நானே பின்சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிடுகிறேன். குமிழிகள் வந்து அடங்கிய பிறகு, மனதாரத் திட்டிக்கொண்டே பம்பை மிதித்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன்.

நேற்றும் அப்படித்தான் நிறுத்தி, குனிந்து, பின்சக்கர வால்வைத் திறந்தேன். காற்று முழுதும் போயிற்று. குமிழிகள் வந்து அடங்கின.

நிமிர்ந்தபோது கைப்பிடி தாழ்ந்திருந்தது. நான் தொடாத முன்சக்கரம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.