படுக்கையறை டிம்மர்

கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்தபோது, படுக்கையறையின் மூடிய கதவுக்கடியில் மெல்லிய மஞ்சள் கோடு தெரிந்தது. அவன் அந்த விளக்கைப் போட்டிருக்கவில்லை.

“தம்பி, உங்க டிம்மர் மறுபடியும் என் ரேடியோவைக் கடிச்சுக் குதறுது. செய்தி வாசிக்கிற அம்மா தொண்டைக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கு.”

அவர் கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைப் பாதியில் வைத்தால் இப்படித்தான் உறுமும் என்று போன முறையே சொல்லியிருந்தார். அவனுடைய சின்ன பேட்டரி ரேடியோவை வாங்கி மெல்லத் திருப்பி, எந்தக் கோணத்தில் இரைச்சல் அடங்குகிறதோ அந்தக் கோணத்தில் அதன் முனை இரைச்சல் பிறக்கும் இடத்தைக் காட்டும் என்று செய்தும் காட்டினார். முனை இந்தக் கதவைத்தான் காட்டியது.

“நான் அந்த ரூமுக்குள்ள போறதே இல்ல சார்.”

“அப்ப பல்லியா திருகுது?” என்று சிரித்தவர், அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். “இந்தாங்க, சோக் காயில். டிம்மர் வயர்ல சேர்த்துட்டா பெட்டிப் பாம்பா அடங்கிடும். மெயினை ஆஃப் பண்ணிட்டுக் கைவைங்க. உங்களுக்கு ஷாக் அடிச்சா எனக்குப் பேச்சுத்துணைக்கும் ஆள் இல்ல.”

நோய் முற்றியபோது மனைவியின் கண்களுக்கு வெளிச்சம் ஆகவில்லை. அவளுக்காகத்தான் அந்த டிம்மரை மாட்டினான். அவள் போன பிறகு ஹாலிலேயே படுத்துக்கொண்டான். ஆனால் பொழுது சாய்ந்ததும் கதவில் முதுகைச் சாய்த்து, எந்த நிலையமும் இல்லாத இடத்தில் ரேடியோவின் முள்ளை வைத்து, ஏறி இறங்கும் அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டிருப்பான். மூச்சைப் போலிருக்கும். வீட்டில் அவனோடு இருந்தது அது ஒன்றுதான். காயிலை மாட்டினால் அதுவும் போய்விடும்.

அவர் இறங்கிப் போனதும் உட்கார்ந்தான். மழை விட்டு ஜன்னல் விளிம்பிலிருந்து நீர் சொட்டும் சத்தமும், கதவிடுக்கு வழியே இன்னும் கசியும் மருந்து வாசனையும், அவற்றுக்கு நடுவே ஏறி, நின்று, நிதானமாக இறங்கும் உறுமலும். கடைசியாக ஒருமுறை என்று நினைத்ததாலோ என்னவோ, இன்றுதான் காது கொடுத்துக் கேட்டான்.

அவளுடைய மூச்சு அவனுக்கு மனப்பாடம். குட்டையாக இரண்டு, பிறகு ஒரு நிறுத்தம், பிறகு துணி கிழிவது போல ஓர் இழுப்பு.

இது நீளமாக இருந்தது. ஆழமாக. எந்த நோயும் தொடாத, மிகப் பெரிய நுரையீரல்.

இது அவள் இல்லை.

எழுந்து மெயினை அணைத்தான். மஞ்சள் கோடு மறைந்தது. ஃபோன் டார்ச்சோடு உள்ளே போய்ச் சுவரிலிருந்து டிம்மரைக் கழற்றினான். காயிலெல்லாம் வேண்டாம். வயர்களிலிருந்து பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

அறை வாசலில் ரேடியோ இன்னும் உறுமியது.

எடுத்து வந்து திருப்பினான். முனை அவளுடைய தலையணையைக் காட்டியபோது இரைச்சல் அடங்கியது.

“நீயா?”

அவள் இல்லை என்று தெரிந்திருந்தும் கேட்டான்.

ரேடியோவைச் சற்றே விலக்கிப் பிடித்தான். எதுவும் இல்லை. அது மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பிறகு மறுபடி. இன்னும் பலமாக. திருப்பினான். இப்போது முனை காட்டியது கட்டிலின் கால்மாட்டை. மறுபடி திருப்பினான். கதவை. அவன் உள்ளே வந்த கதவை.

படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. “தம்பி! சுத்தமா நின்னுடுச்சு! நல்லா இருப்பீங்க!”

‘இருங்க, போகாதீங்க’ என்று கத்த வாயெடுத்தான். அதற்குள் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. கீழே கதவு சாத்தப்பட்டது.

ரேடியோவை அணைத்தான்.

மூச்சு நிற்கவில்லை.

உள்ளங்கையில் டிம்மரின் குமிழ் அசைந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான். மீறித் திரும்பியது. கட்டிலுக்கு மேலே பல்பு சிவந்தது.

கண்களை இறுக மூடிக்கொண்டான். இமைகளில் சிவப்பு ஏறியது. இன்னும் ஏறியது. பிறகு ஏதோ ஒன்று குனிந்து அந்த வெளிச்சத்தை மறைத்தது.