தேர்ந்தெடுக்கும் செல்

“ஐயோ... கதவு!”

அவள் கத்தி முடிப்பதற்குள் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அந்த அதிர்வில், திரையில் துள்ளிக்கொண்டிருந்த கோடு அப்படியே படுத்துவிட்டது. மழையில் தொப்பலாக நனைந்து நின்றவனை முறைத்தாள்.

“ரெண்டு மணி நேரமா பிடிச்சு வெச்சிருந்த செல்லுங்க அது! போச்சு!”

“செல்லா? கடைசியா எங்க வெச்சீங்க? நம்பர் சொல்லுங்க, அடிச்சுப் பார்க்கலாம்...”

“மூளை செல்லு!”

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். உதடு கேட்கவில்லை. அவன் இமைகளில் மழைத்துளிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன...

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த புள்ளிவிவரக்காரன் அவன். சுண்டெலிக்குக் கோடுகளைக் காட்டி, மூளையில் எந்தச் செல் எதற்குத் துடிக்கிறது என்று அவள் பதிவுசெய்வாள்; அவன் அலசித் தர வேண்டும். சில செல்கள் கோட்டின் ஒரே ஒரு சாய்வுக்குத்தான் துடிக்கும். சில, எதைக் காட்டினாலும் துடிக்கும். செய்தியை வாங்கும் நுண்வாசலான ஏற்பியின் வகைதான் காரணம் என்று நம்பினாள். கால்சியத்தை உள்ளே விடும் ஏற்பி இருந்தால் செல் தேர்ந்தெடுக்கும்... அதைச் சோதிக்கத்தான் சாதாரண எலிகள் ஒரு குழு, அந்த ஏற்பியை மாற்றிய எலிகள் ஒரு குழு. மூன்று வருட உழைப்பு அது.

வாரக் கூட்டத்தில் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். “தலைகீழா வருதுங்க. கால்சியம் விடுற செல்லுதான் எல்லாத்துக்கும் துடிக்குது. ஏற்பியை மாத்தின எலியிலதான் செல்லு பார்த்துப் பொறுக்குது.”

“மூளையைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?”

அவன் கண்கள் தாழ்ந்தன.

அதன் பிறகு நான்கு நாள்... காலையில் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். ஐந்தாம் நாள் மனசு கேட்காமல் பழைய குறிப்பேட்டைப் புரட்டினாள். தன் பழைய கணக்கில் இரண்டு எலிக் குழுக்களின் பெயரையும் இடம் மாற்றியிருந்தாள்; அவனோ மூலப் பதிவிலிருந்தே கணக்கிட்டிருந்தான். தப்பு அவளுடையதேதான்!

அடுத்த கூட்டத்தில் எழுந்தாள். “தப்பு என்னோடது. கண்டுபிடிச்சது இவர். அன்னைக்கு நான் பேசினதும் தப்பு.”

ஆய்வுக்கூடத் தலைவியான பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப இதுதான் முடிவு. ரெண்டு பேரும் சேர்ந்து கட்டுரை எழுதுங்க.”

வெளியே தாழ்வாரத்தில் அவன் ஓடி வந்தான். “எல்லார் முன்னாடியும் சொல்லணுமா? தனியா சொல்லியிருந்தா போதுமே...”

“எல்லார் முன்னாடியும்தானே திட்டினேன்? தனியா சொல்ல வேற இருக்கு.”

“என்ன?”

கன்னம் சூடேறியது. காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். “இத்தனை நாள் நீங்க பேசாதது... என்னால தாங்க முடியல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவன் காது சிவந்தது.

“இன்னொரு தடவை சொல்லுங்களேன்...”

“மாட்டேன்.”

“அப்ப நான் சொல்றேன்,” என்றான்.

சொன்னான்.