நாலாவது சட்டம்

"கைய எடுங்க!"

அவளுடைய தேன்பெட்டியின் மூடியைப் பாதி தூக்கியபடி அப்படியே நின்றான், அவளுடன் பயிற்சியில் இருக்கும் லிப்ட் மெக்கானிக். மழை விட்ட மாலை... முகவலைக்குள் இரண்டு கண்கள் மட்டும் திருதிருவென்று விழித்தன. திருடனுக்கு எதற்கு இவ்வளவு அழகான கண்கள்? அப்படி நினைத்ததற்காக, ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

இளைஞர்களுக்கான தேனீ வளர்ப்புப் பயிற்சி அது. ஆளுக்கொரு பெட்டி. நாளை பயிற்சி சாரின் சோதனை. பெட்டியில் ராணித் தேனீயோ, அடுத்த ராணி வளரும் அறையோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பயிற்சியிலிருந்து அனுப்பிவிடுவார்கள்; தேனீக்களைப் பக்கத்துப் பெட்டியில் சேர்த்துவிடுவார்கள். பக்கத்துப் பெட்டி... இவனுடையது!

அவளோ பத்து நாளுக்கு முன் தேடியபோதே ராணியைக் காணவில்லை; அதன்பின் ஒரே மழை, பெட்டியைத் திறக்கவே முடியவில்லை.

"என் ராணி எங்க? என் ஈ எல்லாம் உங்களுக்கே வந்துடும்னு திட்டமா?"

"அம்மா தாயே, கத்தாதீங்க. ஈ எல்லாம் கலைஞ்சிடும்."

"கலையட்டும். உங்களக் கொட்டட்டும்!"

"ஏற்கெனவே ஏழு இடத்துல கொட்டியாச்சு..."

அவளே பெட்டிக்குள் தேனடை கட்டியிருந்த மரச்சட்டங்களைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் எண் எழுதி வைப்பது அவள் பழக்கம். நாலாவதில் எண் இல்லை. நடுவில், நிலக்கடலை போல ஒரு ராணி அறை தொங்கியது.

"இது என்னோடது இல்லையே... மாத்திட்டீங்களா?"

"ஆமா. இது என்னோடது." அவன் குரல் தணிந்தது. "பத்து நாள் முன்னாடி நீங்க சட்டத்த அவசரமா இறக்கினீங்க. ராணி நசுங்கிடுச்சு. நீங்க கவனிக்கல. முட்டை இருந்த சட்டம் ஒண்ணு என் பெட்டியிலேர்ந்து எடுத்து வச்சேன். உங்க ஈங்களே புது ராணிய வளர்க்குதான்னு பார்க்கத்தான் இப்ப திறந்தேன்... வளர்த்திருக்கு."

அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. தானா... தன் கையாலா?

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் வந்தேன். 'இந்தப் பக்கம் வந்தா சார்கிட்ட சொல்லிடுவேன்'னு விரட்டிட்டீங்க."

உண்மைதான். ஆனாலும் சந்தேகம் விடவில்லை.

"இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

அவன் முகவலையைக் கழற்றினான். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"நீங்க போயிட்டா... திட்டுறதுக்கு ஆள் இருக்காதே."

சிரிப்பு வந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டாள்.

"ராணிய நான்தான் நசுக்கினேன், இந்தச் சட்டம் உங்களோடதுன்னு நாளைக்கு சார்கிட்ட சொல்லப்போறேன்."

"ஐயையோ! உங்கள அனுப்பிடுவாருங்க."

"அனுப்பட்டும். நீங்க வகுப்பு முடிஞ்சு வர்ற வரைக்கும் வாசல் கேட்டுலயே நிப்பேன்."

"எதுக்கு... இன்னும் என்மேல சந்தேகமா?"

"இல்ல." அவள் தலை குனிந்தபடி மூடியை மெல்ல வைத்தாள். "உங்களப் பிடிச்சுப்போச்சு... அதான்."