கவிழ்த்து வைத்த டம்ளர்

சுகிர்தாவின் டம்ளர் அடுப்பு மேடையில் கவிழ்ந்திருந்தது.

ஸ்டீவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றான். விளிம்பு ஒரு பக்கம் நசுங்கிய எவர்சில்வர் டம்ளர், கல்யாணத்துக்கு வந்த அரை டஜனில் மிஞ்சியது. அவள் செத்த பிறகு அதைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டிருந்தான். கண்ணில் பட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. இப்போது அது அவள் வைக்கிற அதே இடத்தில், பிளாஸ்கை ஒட்டி, வாய் கீழாக இருந்தது. தூக்கிப் பார்த்தான். மேடையில் ஈர வட்டம். பிளாஸ்கைத் திறந்ததும் இஞ்சி வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. டீக்கு இஞ்சி தட்டிப் போடுகிற பொறுமை அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பூவம்மாளிடம் போய்க் கேட்டான். பள்ளிக்கூடம் விட்டதும் அவன் மகள் மேரி அங்கேதான் இருப்பாள்.

"நானா? உன் ஊட்டுச் சாவி என்கிட்ட ஏதுப்பா?" என்றாள் பூவம்மாள். "நீயே போட்டு வெச்சிட்டு மறந்திருப்ப. மனசு சரியில்லன்னா அப்டித்தான்."

அப்படித்தான் இருக்கும் என்று அவனும் வைத்துக்கொண்டான். டம்ளரை மறுபடி பரணில் போட்டான். மறுநாள் சாயங்காலம் அது மேடையில் இருந்தது.

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் அந்தச் சின்ன வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் குடித்தனம் செய்ததே ஒரு வேடிக்கை. அவனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி ஆலை. அவளுக்கு சார்ஜர் பூட்டும் கம்பெனி. குழந்தையைப் பார்த்துக்கொள்ள எப்போதும் ஒருவர் வேண்டுமே என்று ஆளுக்கொரு ஷிப்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவள் கம்பெனி பஸ் ஏறும்போது அவன் இறங்குவான். முழுசாய் முகம் பார்த்துப் பேசுவது ஞாயிற்றுக்கிழமை கோயிலில்தான், அதுவும் பாட்டுக்கு நடுவில். மற்ற நாளெல்லாம் சாமான்கள்தான் பேசும். கிளம்புகிறவர் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துப் போவார். நான் குடித்தாயிற்று, மிச்சம் உனக்கு என்று அர்த்தம்.

எந்த நேரத்தில் யார் இருப்பார்கள் என்று மேரிக்கும் தெரியாது. அதனால் கேட்டைத் திறக்கும்போதே கத்துவாள்: "யாரு ஊட்ல?" இருக்கிறவர் "நான்தான்டா பாப்பா" என்பார். குரலைக் கேட்டு அப்பாவா அம்மாவா என்று தெரிந்துகொண்டு, அதற்குத் தக்க முகத்தோடு உள்ளே வருவாள்.

அபூர்வமாக இருவருக்கும் ஒன்றாய் லீவு கிடைத்த ஒரு நாளில்தான் எல்லாம் முடிந்தது. மேரியைப் பூவம்மாளிடம் விட்டுவிட்டு, அவளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கப் பைக்கில் பொன்னேரிக்குப் போனார்கள். திரும்பும்போது மழை. ஹைவேயில் ஏறுகிற இடத்தில் ஒரு லாரி. அவன் கண் விழித்தபோது சுகிர்தா இல்லை. ஷூ மட்டும் பெட்டி கசங்காமல் வீடு வந்து சேர்ந்தது.

டம்ளரோடு நின்றிருந்தால் மனப்பிராந்தி என்று விட்டிருப்பான். மேரியின் தலைமுடி விடவில்லை. அவனுக்கு ஜடை பின்ன வராது. காலையில் கோணல்மாணலாக இரட்டைக் குடுமி போட்டுவிட்டு, டிபன் டப்பாவை எடுக்கத் திரும்புவான். திரும்பிப் பார்த்தால் எண்ணெய் மினுங்க ஒற்றை ஜடை, நுனியில் ரிப்பன். குளிப்பாட்டித் துவட்டிவிட்ட பிள்ளை சற்று நேரத்தில் மறுபடி ஈரத்தலையோடு நிற்பாள். வீட்டுப்பாட நோட்டில் அவன் கைபிடித்து எழுதவைத்த எழுத்தின்மேலேயே இன்னொரு எழுத்து ஏறி, இரண்டும் படிக்க முடியாமல் கிடக்கும். ஒருநாள் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான்.

"போதுமா பாப்பா?"

"போதும்ப்பா," என்ற மேரி, அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சொன்னாள்: "வேணாம்மா, இப்பதான் துன்னேன்."

அவன் திரும்பவில்லை. திரும்புவதற்குப் பயமாக இருந்தது. பின்கழுத்தில் ஒரு வாசனை வந்து நின்றது. தேங்காய் எண்ணெயும் ஈயம் பற்றவைக்கிற புகையும் கலந்த, ஷிப்ட் முடிந்து வருகிற சுகிர்தாவின் வாசனை. அந்த வாசனைக்காகத்தான் அவளுடைய யூனிபாரத்தை இத்தனை நாளும் துவைக்காமல் வைத்திருந்தான்.

ஒரு விடியற்காலையில்தான் சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த சுகிர்தாவின் போட்டோவைப் பார்த்தான். மேரிக்கு அந்தப் பக்கத்தில் பாய் லேசாக அமுங்கிய மாதிரி இருந்தது. வளையல் சத்தம் ஒன்று கேட்டு நின்றது. கண்ணைத் திறந்தவன் சுவரைப் பார்த்தான். சின்னச் சிவப்பு பல்பின் வெளிச்சத்தில், காய்ந்த ரோஜா மாலைக்குள் இருந்த முகம் சுகிர்தாவினுடையது அல்ல. மீசை. நெற்றியில் பழைய தழும்பு.

அவனுடைய முகம்.

கண்ணை மூடித் திறந்தான். சுகிர்தா சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் யாரோ இப்போதுதான் கழற்றி மாட்டியதைப்போல மாலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

ஸ்டீவனுக்கு விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. வேறு யாருக்கும் புரிந்திருக்காது. அவன் சோறு தின்பதே ஆலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில்தான். ஆலையின் உலையையும் உருளைகளையும் நடத்துவது ஒரு கம்ப்யூட்டர் என்று வெளியார் நினைப்பார்கள். உண்மையில் இரண்டு, வேறுவேறு கட்டிடங்களில். இரண்டும் ஒரே டிஸ்க்கில் எழுதி, ஒரே ஆள் மாதிரி வேலை செய்யும். ஓயாமல் ஒன்று 'இருக்கியா?' என்று கேட்கும், மற்றது 'இருக்கேன்' என்று சொல்லும். பதில் வராவிட்டால் மற்றது செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அதன் வேலையையும் தன் தலையில் போட்டுக்கொள்ளும். நிஜமாகவே ஒன்று செத்தால் பிரச்சினை இல்லை. நடுவில் இருக்கிற கேபிள் மட்டும் அறுந்தால்தான் வினை. இரண்டும் உயிரோடிருக்கும். இரண்டும் மற்றது செத்ததாக நம்பும். இரண்டும் ஒரே டிஸ்க்கில் ஒன்றன்மேல் ஒன்று எழுதும், கடைசியில் டிஸ்க் கெட்டுப்போகும். டிஸ்க்கைக் காப்பாற்ற ஒரே வழி, இரண்டில் ஒன்று தானாக அணைந்துகொள்வது.

போன வருஷம் கால்வாய் தோண்ட வந்த ஜேசிபி அந்தக் கேபிளை அறுத்தது. அப்படி நடந்தால் 'நீ ஒதுங்கிக்கொள்' என்று ஸ்டீவன் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தான். கோளாறு என்னவென்றால், அதை இரண்டிலுமே எழுதி வைத்துவிட்டான். இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு அணைந்தன. பாதி வழியில் இருந்த செக்கச்செவேல் கம்பிகள் நடத்த ஆளில்லாமல் துவண்டு, ஒன்றோடொன்று சிக்கி உறைந்தன. மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சுகிர்தாவிடம் சொன்னான். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ரெண்டுமே வுட்டுக்குடுத்துச்சா? நம்மள மாரியேதான்யா. அன்னிக்குக் கடைசி மீனு துண்ட நீ எனக்குன்னு வெச்ச, நான் உனக்குன்னு வெச்சேன். பூனை துன்னுட்டுப் போச்சே!"

"சிரிப்பா இருக்குதா உனக்கு? எது ஒதுங்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிடணும். இல்லன்னா பேஜாரு."

"சரி, நம்மள்ல யாரு?"

"மொதல்ல சோத்தத் துன்னு," என்று சொல்லிவிட்டான். அந்தப் பேச்சு அதோடு போயிற்று.

அவளும் இதே வீட்டில், இதே சமையலறையில், அவனைப் புதைத்துவிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறாள். அவன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, டீ போட்டு, பழக்கத்தில் டம்ளரைக் கவிழ்க்கிறாள். அறுந்தது நடுவில் இருந்த கேபிள் மட்டும்தான். பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டீவன் வாய்விட்டு அழுதான்.

மேரியின் சிலேட்டில் 'சுகி, இருக்கியா?' என்று எழுதி வைத்தான். காலையில் பார்த்தால் அந்த எழுத்தின் மேலேயே இன்னொரு எழுத்து. இரண்டு பேரும் ஒரே இடத்தில் எழுதியிருந்தார்கள். ஒரு வார்த்தை தேறவில்லை. பிள்ளையிடம் கேட்டுப் பார்த்தான்.

"அம்மா உன்கிட்ட இன்னா சொன்னாங்க பாப்பா?"

"அம்மாவும் இதையேதான் கேட்டாங்க. அப்பா இன்னா சொன்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேரியின் கண் மேலே செருகியது. மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து சட்டைக் காலரில் சொட்டியது. அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

ஒருநாள் போன் பேசிக்கொண்டிருந்ததில் மேரி கேட்டில் கூப்பிட்டதைக் கவனிக்கவில்லை. பதில் சொல்லாத அந்தக் கணத்தில் அவன் விரல்கள் சில்லிட்டன. மின்விசிறிச் சத்தம் எங்கோ தள்ளிப் போயிற்று. காதோடு, தெள்ளத்தெளிவாக, சுகிர்தாவின் குரல்: "நான்தான்டா பாப்பா." அவன் பதறிப்போய்க் கத்தினான், "நான்தான்டா!" எல்லாம் திரும்பி வந்தது. அவள் குரல் மட்டும் அறுந்துபோனது. கத்தியிருக்க வேண்டாமே என்று அன்றைக்கெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டான்.

மேரிக்குச் சின்ன வயதிலிருந்தே இரைப்பு உண்டு, வேளைக்கு ஒரு மூடி மருந்து கொடுக்க வேண்டும். அந்த வாரம் கை நடுங்க ஆரம்பித்தது. தூக்கம் போயிற்று. இதயம் உள்ளங்கைக்குத் தெரிகிற மாதிரி அடித்தது. தூக்கிக்கொண்டு ஓடினான். டாக்டர் மருந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டு மடங்கு போயிருக்கு. வீட்ல யார் யார் குடுக்கறீங்க?"

"நான் மட்டும்தான் டாக்டர்."

"இப்படியே போனா குழந்தை தாங்காது. யாராவது ஒருத்தர் குடுங்க. ஒருத்தர் மட்டும்."

யார் ஒதுங்குவது என்று யோசிக்க அவனுக்கு நேரம் ஆகவில்லை. பிள்ளை கூப்பிடும்போது அவன் பதில் சொல்லாமல் இருந்தால் போதும். அவன் ஜடை பின்னத் தெரியாதவன். பிள்ளை காய்ச்சலில் முனகும்போது கூப்பிடுவது அம்மாவை. மீன் துண்டின் ஞாபகம் ஒருமுறை வந்தது. பெற்றவள் பிள்ளைக்குக் குரல் கொடுக்காமல் இருக்கமாட்டாள் என்று அதைத் தள்ளிவிட்டான். அன்றைக்கு அவன் காதால் கேட்டானே, அவள் பதில் சொன்னாளே.

சாயங்காலம் மேரியைப் பூவம்மாள் வீட்டில் விளையாட விட்டுவிட்டு வந்தான். இஞ்சி தட்டி டீ போட்டான். நன்றாகவே வந்தது. மேடைப் பக்கம் நின்றபடி குடித்து முடித்து, தன் டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்தான். மிச்சம் உனக்கு. கூடத்து மூலையில், விளக்கைப் போடாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். வெளியே கூட்ஸ் வண்டி ஒன்று நெடுநேரம் கடந்து போனது. அதன் அதிர்வில் பாத்திரங்கள் மெல்லக் கிலுகிலுத்து ஓய்ந்தன. ஜன்னல் வெளிச்சம் சாம்பலாகி, பிறகு அதுவும் போயிற்று.

கேட் கிறீச்சிட்டது.

"யாரு ஊட்ல?"

துண்டை வாயில் திணித்துக்கொண்டான். விரல்கள் சில்லிட்டன. மின்விசிறிச் சத்தம் தள்ளிப் போயிற்று. சரி. இப்படித்தான் போகும். இப்போது அவள் சொல்வாள்.

சொல்லவில்லை.

"யாரு ஊட்ல?"

சொல்லு சுகி. பிள்ளை நிக்கிது. சொல்லு.

மின்விசிறிச் சத்தம் அடியோடு நின்றது. அந்த அமைதியில் ஒரு மூச்சுக் கேட்டது. அடக்கிப் பிடித்த மூச்சு. அவன் பக்கத்தில். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். ஈயப் புகை வாசம். தேங்காய் எண்ணெய்.

யாரோ சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவன் துண்டைப் பிடுங்கி எறிந்தான். நான்தான்டா பாப்பா. வாய் அசைந்தது. சத்தம் இல்லை. மறுபடி. நெஞ்சு கிழிய. சத்தம் இல்லை. பக்கத்தில் இன்னொரு வாயும் அப்படியே அசைந்துகொண்டிருந்தது.

சிவப்பு பல்பின் வெளிச்சத்தில், அந்த மழைக்குப் பிறகு முதல்முறையாக ஸ்டீவன் தன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

மேரி உள்ளே வந்தாள். எக்கி விளக்கைப் போட்டாள். சுவரில் சுகிர்தாவின் படம் இருந்த இடத்தில் அவர்களுடைய கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரே மாலை, ஒரே சிவப்பு பல்பு. பிள்ளையின் கண் மூலையில் உட்கார்ந்திருந்த இருவர்மேலும் பட்டு, நிற்காமல், சமையலறைப் பக்கம் போயிற்று.

மேடையில் பிளாஸ்கை ஒட்டி இரண்டு டம்ளர்கள் கவிழ்ந்திருந்தன.

இரண்டையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் சின்ன டம்ளரை எடுத்து வந்து, அவற்றுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தாள். கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு ஊட்ல?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.