மிக்கேல் ஒளிபரப்பு நிலையம்

பெண் கேட்டு வருகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது ஜன்னல் கம்பியைத்தான். ஒரு விரற்கடை அறுத்துக் கொடுத்தால் போதும். அந்த வீட்டில் ஐம்பது அறுபது ஆண்டுகளாக யார் யாரை என்ன சொன்னார்கள் என்று துருவாசிப்பி ஒப்பித்துவிடும். இரும்பு துருப்பிடிக்கும்போது அன்றன்று அதன்மேல் பட்ட பேச்சின் அதிர்வும் வானலையும் துருத் துகள்களில் படலம் படலமாகப் படிகின்றன. அவற்றை வரிசை கலையாமல் எடுத்துப் படிக்கிற பெட்டி வந்து ஒன்பது வருடமாகிறது. அதற்குள் எத்தனையோ கல்யாணங்கள் நின்றுவிட்டன.

பெருமணல்பட்டினம் சவரிராயனுக்கு அந்தப் பெட்டியைப் பற்றிப் பயமில்லை. எழுபத்தொன்பது வயதிலும் முதுகு வளையாமல் நடக்கிறவர். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சான்று. 1986இல் அவருடைய தகப்பனார் மிக்கேல் இதே வீட்டு மாடியில் கம்பம் நட்டு, தாமே செய்த கருவியால் ஒரு தொலைக்காட்சி நிலையம் நடத்தினார். இரண்டே வருடம்தான். சுற்றுவட்டாரத்தில் முந்நூறு வீடுகளில் தெரிந்தது. புயல் அடித்த அந்த நவம்பர் மாலையில் மிக்கேல் படத்தை நிறுத்திவிட்டு, கடல் ஏறுகிறது என்று அறிவித்தார். குப்பத்து ஜனம் முழுவதும் மாதா கோயிலுக்கு ஓடிப் பிழைத்தது. அந்தக் குடும்பத்தில் எந்தப் பந்தியிலும் இந்தக் கதை சொல்லப்படாமல் இலை எடுத்ததில்லை. ஆனால் மாவட்ட வரலாற்றில் அந்த நிலையத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. சென்ற கிறிஸ்துமஸ் அன்று பேரப்பிள்ளைகள் வாய்விட்டே சிரித்தார்கள். "இந்த ஊர்லயா? டிவி ஸ்டேஷனா?" பழைய ஒலிபரப்புகளைச் சான்றோடு பதிந்து வைக்கிற தொல்லலைப் பதிவகத்தின் பட்டியல் அடுத்த மாதம் முடிவடைகிறது. அதற்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

துருவாசிப்பவள் இசக்கியம்மாள் மாடிக்குப் போய்க் கம்பத்தில் பெட்டியை வைத்தாள். அரைமணி நேரம் கழித்து இறங்கி வந்தாள்.

"ஐயா, இந்தக் கம்பத்தை நீங்க என்ன செய்யுதீய?"

"என்ன செய்யுதேன்? வருசா வருசம் அப்பா நினைவு நாளுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வெள்ளிப் பெயிண்ட் அடிக்கேன். ஒரு வருசம் தவறினதில்ல."

"அதான். அம்புட்டையும் தேய்ச்சு எடுத்துட்டீய. பச்சப்பிள்ள மாதிரி இருக்கு. ஒண்ணுமே தெரியல."

சவரிராயன் உட்காரவில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நேரே டீக்கடைப் பிச்சையா வீட்டுக்குப் போனார். பிச்சையாவின் தகப்பனார் அந்தக் காலத்தில் ஆண்டெனா நட்ட இரும்புக் குழாய், கொல்லையில் புடலங்காய்ப் பந்தலைத் தாங்கிக்கொண்டிருந்தது. அறுபது வருடமாக அதன் துருவை யாரும் தொட்டதில்லை.

"இத வச்சு என்னவே செய்யப்போறீரு?"

"வேணும். குடு."

"எடுத்துக்கிடும். புடலங்காய் கீழ விழுந்தா நீரு வந்து தாங்கும்."

குழாயில் எல்லாம் இருந்தது. இசக்கியம்மாள் பெட்டியின் திரையைத் திருப்பி வைத்தாள். புள்ளி புள்ளியாக ஒரு பழைய படம் ஓடியது. சட்டென்று அது நின்று திரை வெளுத்தது. மூச்சிரைக்க ஒரு இளைஞனின் குரல் கேட்டது. "கடல் ஏறுது. குப்பத்து ஆள்க எல்லாரும் கோயிலுக்குப் போயிருங்க. சாமான எடுக்காதீங்க."

அது மிக்கேலின் குரல் அல்ல. கருவியைப் பார்த்துக்கொண்ட வேலையாள் கித்தேரியானின் குரல். ஒலிவாங்கி அணையாமல் இருந்திருக்கிறது; மிக்கேலின் குரல் அதற்குப் பிறகுதான் வந்தது.

"படத்த ஏம்லே நிறுத்தின? கீழ சம்பந்தி வீட்டு ஆள்க உக்காந்து பாக்காங்க. நம்ம மானம் என்னாகும்?"

"மொதலாளி, தண்ணி வந்துட்டு."

கன்னத்தில் ஓர் அறை விழுந்த சத்தம். படம் மறுபடி ஓடத் தொடங்கியது.

அந்தச் சம்பந்தி வீட்டார் சவரிராயனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள். அன்று அவரும் கீழே அவர்களோடுதான் உட்கார்ந்திருந்தார். மறுநாள் கித்தேரியான் ஊரை விட்டுப் போனான். திருட்டுப்பயல் என்று அப்பா சொன்னார். வீடும் அதையே சொன்னது. சொல்லிச் சொல்லி அந்த அறிவிப்புக் குரலும் அப்பாவுடையதாகிவிட்டது.

"படம் நிக்கிற இடம் வரைக்கும் போதும். மீதிய வெட்டிரு" என்றார்.

"வெட்டினா பதிவகத்துல எடுக்க மாட்டாங்க ஐயா. முழுசாத்தான் குடுக்கணும்."

"அப்ப நான் கையெழுத்துப் போடல."

"கையெழுத்து இல்லன்னா நான் அழிச்சிருதேன். அதுதான் சட்டம்." அவள் பெட்டியை மூடினாள். "ஆனா இது ஒரு கம்பிதான். அன்னைக்கு முந்நூறு வீட்டுல ஆண்டெனா இருந்துச்சுன்னு நீங்கதான சொன்னீய?"

அன்று முதல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெருவில் நடந்தால் பழைய குழாய்கள்தான் கண்ணில் பட்டன. ஆட்டுக்கொட்டிலில் ஒன்று, வேலியில் ஒன்று, கொடிக்கம்பியில் ஒன்று. ஒவ்வொன்றிலும் அந்த அறைச் சத்தம் உறைந்து கிடந்தது. யாரோ ஒருவர் எதையோ தேடிப் பெட்டியை வைத்தால் போதும்.

ஐந்தாம் நாள் ஊரெங்கும் அறிவித்தார்: தகப்பனார் நினைவாக, யார் வீட்டில் எந்த இரும்பு இருந்தாலும் இலவசமாகத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துத் தரப்படும்.

முந்நூறு குழாய்களை எப்படிப் பொறுக்கி எடுப்பது என்றுதான் அவர் கவலைப்பட்டிருந்தார். மறுநாள் காலை வாசலில் வரிசை நின்றது. வாசல் இரும்புக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து வந்தார்கள். கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடி, கிணற்று உருளை. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

பிச்சையா தன் ஜன்னல் கம்பிகளைக் கட்டித் தூக்கி வந்து போட்டார். "நல்லா அழுத்தித் தேய்க்கச் சொல்லும்வே. எங்கம்மையும் எம்பொண்டாட்டியும் பேசுனது இருக்கு. மக கல்யாணம் வருது."

"உங்கம்மை குரல் போயிருமே."

"போட்டும். நல்லதா ஒரு வார்த்த அவ சொன்னதில்ல."

இருபத்தாறு நாளில் பெருமணல்பட்டினம் வெள்ளியாய் மின்னியது. பங்குச்சாமியார் பொன்னாடை போர்த்தினார். இசக்கியம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர் பார்த்துப் போனாள். பேரப்பிள்ளைகள் தாத்தாவோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் பதிவகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மரியாதை தெரிந்த மனிதர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒரு மனுவைப் பிரித்தார்.

"கித்தேரியான்னு ஒருத்தர். இறந்துட்டார். அவர் மகள் எழுதியிருக்காங்க. இந்த ஊர்ல ஒரு தொலைக்காட்சி நிலையத்துல வேலை பார்த்தாராம். புயலன்னைக்கு அறிவிப்புச் சொல்லி ஜனங்களைக் காப்பாத்தினாராம். அப்பா பொய் சொல்லலைன்னு நிரூபிக்கணும்னு கேக்கறாங்க. ஊர் இரும்பு எல்லாத்தையும் பார்த்துட்டேன். எதுலயும் ஒண்ணும் இல்லை. டீக்கடைக்காரர் தனக்கு நினைவில்லை, உங்களைக் கேட்கச் சொன்னார்."

சவரிராயன் எழுந்து ஜன்னலருகே போனார். திரும்பி வந்தார்.

"ஆமான்னு சொன்னா என்ன செய்வீங்க?"

"நிலையம் இருந்தது உறுதின்னா பக்கத்து ஊர்கள்ல தேடுவோம். அலை அங்கேயும் போயிருக்கும். இல்லைன்னா மனுவை மூடிடுவோம்."

வெளியே யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். அப்பா இரவு பகலாக ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலோடு குனிந்து கிடந்ததும், முதல் நாள் திரையில் தம் முகம் தெரிந்தபோது அப்பாவே வாயடைத்துப் போனதும் சவரிராயனின் நினைவுக்கு வந்தன.

"அப்படி ஒரு நிலையம் இங்க இருந்ததே இல்ல."

"உங்க அப்பா என்ன தொழில்?"

"ரேடியோ ரிப்பேர்."

"மாடியில ஒரு கம்பம் பார்த்தேன். உயரமா."

"துணி காயப்போட."

அதிகாரி எழுதிக்கொண்டார். தாளைத் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார். சவரிராயன் பேனாவை வாங்கி, எழுபது வருடப் பழக்கத்தில், முதலில் தகப்பன் பெயரின் முதலெழுத்தை எழுதினார்.